இடங்களை எண்ணும் வேலை

பிப்ரவரிக் கடைசியில் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, அதற்குப் படிக்கும் தொடக்கக் கல்லூரிகளில் அழுகையும் ஆரவாரமுமாக இருக்கும். பல்கலைக்கழகத் திட்டப் பிரிவுகளில் அந்த வாரம் சத்தமே இருக்காது. எல்லாரும் ஓர் எக்செல் தாளுக்குள் தலையை விட்டிருப்பார்கள். எந்தப் படிப்பில் எத்தனை இடம், அதில் ஏற்கெனவே போனது எத்தனை, மீதிக்கு எத்தனை பேரை அழைப்பது என்பதே அந்தத் தாள். சிங்கப்பூர் தன் உயர்கல்வியை எப்படி ஆள்கிறது என்று யாராவது கேட்டால், உலகத் தரவரிசையைவிட இதைக் காட்டுவதுதான் நேர்மை.

120 இடம் இருந்தால் 120 பேரைச் சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். முதல் கஷ்டம் ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை. ஏ நிலை முடித்த பையன் இந்த ஆண்டே விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொள்கிறான். வகுப்புக்கு வருவதோ ஈராண்டு சேவை முடிந்த பிறகு. கூடப் படித்த பெண் இந்த ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறாள். ஆக, முதலாண்டு வகுப்பில் உட்காருபவர்கள் ஒரே ஆண்டில் தேர்வு எழுதியவர்கள் அல்லர். முன்னதாக இடம் வாங்கி வைத்த பையன்கள், இந்த ஆண்டுப் பெண்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்து (பாலிடெக்னிக்) வருவோர், வெளிநாட்டு மாணவர்கள் என்று கலந்திருப்பார்கள். இன்று அனுப்பும் ஒரு கடிதம் இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாற்காலியைக் கேட்கும்.

உதாரணத்துக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 120 இடத்தில் 40 பேர் சேவை முடித்து வரவேண்டியவர்கள். மிச்சம் 80. அழைக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஏற்பார்கள் என்பது முந்தைய ஆண்டுகளின் அனுபவமானால், 133 கடிதம் போகும். அந்த ஆண்டு பார்த்துப் பக்கத்துப் பல்கலைக்கழகம் அதே துறையில் ஒரு புதுப் படிப்பைத் தொடங்கி, பாதிப் பேர்தான் ஏற்றால் 67 பேர் வருவார்கள், மொத்தம் 107. பத்துக்கு ஏழு பேர் ஏற்றால் 93, மொத்தம் 133. ஆய்வுக்கூடத்தில் ஒரு வேளைக்கு 24 பேர்தான் நிற்கலாம் என்று வையுங்கள். 120 பேருக்கு ஐந்து பிரிவு போதும். 133 ஆனால் ஆறாவது பிரிவு வேண்டும். பதின்மூன்று பேருக்காக இன்னொரு வேளை, இன்னொரு ஆய்வக உதவியாளர், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வகுப்பு. அந்த வகுப்பைப் பற்றிய புகார்கள் பருவ முடிவுக் கருத்துக் கணிப்பில் வரும். காரணம் மே மாதக் கடிதக் கணக்கில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னொரு வழுக்கல் அந்த இரண்டு ஆண்டு இடைவெளியிலேயே இருக்கிறது. பாடத்திட்டத்தை மாற்றும் குழு, வகுப்பில் இப்போது இருப்பவர்களை நினைத்துத்தான் இடைக்கால ஏற்பாடு எழுதுகிறது. தேசிய சேவை முகாமில் இருப்பவர்கள் யாருடைய வகுப்புப் பட்டியலிலும் இல்லை. பழைய பெயரில் இடம் வாங்கியவன் திரும்பி வரும்போது படிப்பின் பெயர் வேறு, கட்டாயப் பாடம் வேறு. இதைத் தடுக்கப் பெரிய தந்திரம் ஒன்றும் வேண்டாம். பாடத்திட்ட மாற்றத்துக்கான படிவத்தில் ‘இடம் ஒதுக்கிக் காத்திருப்போர் எத்தனை பேர், அவர்களுக்கு எப்போது கடிதம் போகும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி இல்லாத படிவத்தைக் குழுவுக்கே அனுப்பக்கூடாது.

மொத்த இடங்களின் எண்ணிக்கை பல்கலைக்கழகம் தன்னிச்சையாக வைத்துக்கொள்வதல்ல. 2012இல் பல்கலைக்கழகக் கல்விப் பாதைகளை ஆராய்ந்த குழு, ஒரு வயதுத் தொகுதியில், அதாவது ஒரே ஆண்டுப் பிள்ளைகளில், 40 விழுக்காட்டினருக்கு 2020க்குள் அரசாங்க ஆதரவுடன் முழுநேர இடம் கிடைக்க வேண்டும் என்றது. அந்த எண்தான் பின்னர் துறைவாரியாகப் பிரிந்து கீழே இறங்கியது. மருத்துவம் போன்ற படிப்புகளில் பிடி இறுக்கம். அங்கே மருத்துவமனைப் பயிற்சி இடமும் கூடவே எண்ணப்படுகிறது.

பணம் இடத்தின் பின்னால்தான் வருகிறது. துறைக்குத் துறை தலைக்கு இவ்வளவு என்று கல்வி அமைச்சு தருகிறது. 1980 முதல் இருக்கும் கல்விக்கட்டண மானியத் திட்டத்தால் குடிமக்களின் கட்டணம் கலை, அறிவியல் போன்ற படிப்புகளில் ஆண்டுக்கு 8,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி நிற்கிறது. வெளிநாட்டு மாணவர் மானியம் பெற்றால், படிப்புக்குப் பிறகு சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டு வேலை பார்க்கக் கையெழுத்திட வேண்டும். நம் வீடுகளில் இந்தக் கட்டணம் பெரும்பாலும் அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து போகிறது. அது அன்பளிப்பல்ல, வட்டியோடு திரும்பக் கட்டவேண்டிய தொகை என்பது பட்டமளிப்பு முடிந்து கடிதம் வரும்போதுதான் பல பிள்ளைகளுக்குத் தெரிகிறது. சேர்க்கை நாளிலேயே இதை மாணவரிடம் நேரே சொல்ல வேண்டும். பெற்றோரிடம் சொன்னால் ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள்.

2006 ஏப்ரலில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சட்டப்பூர்வ வாரியங்களாக இருந்த நிலை மாறி, உத்தரவாத வரம்புடைய, அதாவது லாபத்தைப் பங்கு பிரிக்காத, நிறுவனங்கள் ஆயின. 2000இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது. இன்று தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு. தன்னாட்சி என்றால் அமைச்சு கையை எடுத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அறங்காவலர் குழுவை நியமிப்பவர் கல்வி அமைச்சர். அமைச்சுடன் கொள்கை ஒப்பந்தம் உண்டு, செயல்திறன் ஒப்பந்தம் உண்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளிக்குழுவின் தர மதிப்பீடும் உண்டு. முன்பு ஒவ்வொரு செலவுக்கும் அனுமதி கேட்டார்கள். இப்போது முடிவை முன்கூட்டி ஒப்புக்கொண்டு, பிறகு கணக்குச் சொல்கிறார்கள். இரண்டாவதுதான் நல்லது. வேலை குறைந்தது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

தர மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகம் முதலில் தன்னையே மதிப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். பிறகு குழு நேரில் வரும், பேராசிரியர்களையும் மாணவர்களையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசும், பரிந்துரை தரும், அதற்கான நடவடிக்கைத் திட்டத்தைப் பல்கலைக்கழகம் எழுதித் தரும். இதில் எது சறுக்கும் என்றால், அறிக்கை அல்ல. அறிக்கை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சறுக்குவது கூட்டக் குறிப்புகள். ‘மாணவர் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அடுத்த மூன்று கூட்டங்களில் அந்தப் பேச்சே இருக்காது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு புகாரை எடுத்து ‘இது எங்கே போனது?’ என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பாளர், தேதி, முடித்ததற்கான சான்று ஆகிய மூன்றும் ஐந்து ஆண்டு முழுக்கப் பதிவாகியிருக்க வேண்டும். குழு வருவதற்கு ஆறு மாதம் முன்னால் உட்கார்ந்து தயாரிக்கக்கூடியது அல்ல அது.

பெற்றோர் அதிகம் பார்ப்பது பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை. இறுதித் தேர்வு முடிந்து சுமார் ஆறு மாதம் கழித்து எடுப்பது அது. அதில் வரும் விழுக்காட்டைப் படிக்கும் முன் வகுக்கும் எண் எது என்று பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் மட்டுமே கணக்கில் உண்டு. மேற்படிப்புக்குப் போனவர் இல்லை. ‘முழுநேர நிரந்தரம்’ என்றால் வாரத்துக்கு 35 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்த வேலையும் அதில் சேரும். சம்பளம் என்பது ஊழியரின் சேம நிதிப் பங்கைக் கழிப்பதற்கு முன்னால் உள்ள தொகை. 30 பேர் படித்த துறையில் இருவர் வேலை மாறும் இடைவெளியில் இருந்தாலே விழுக்காடு ஆறு, ஏழு புள்ளி சரியும். அதைப் பார்த்து ‘அந்தப் படிப்பு படுத்துவிட்டது’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதுவார்கள். சிறிய துறைகளுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

திறப்பு விழாக்களைவிட மூடும் முறையில்தான் ஒரு கல்வி முறையின் நிர்வாகம் தெரியும் என்பது பல்கலைக்கழகத் திட்டப் பிரிவுகளில் இருப்பவர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் கருத்து. 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் இங்கே தொடங்கிய கிளை, மார்ச்சில் வகுப்பைத் தொடங்கி மே மாதத்திலேயே மூடுவதாக அறிவித்தது. அப்போது சேர்ந்திருந்தவர்கள் 148 பேர். எதிர்பார்த்த எண்ணிக்கையில் மாணவர் வராததே காரணம். ஆயிரக்கணக்கான மாணவர்கள் வருவார்கள் என்ற கணக்கில் போட்ட திட்டம் அது. மாணவர்களுக்குச் சிட்னி வளாகத்தில் இடம் தர முன்வந்தார்கள். ஆனால் சிங்கப்பூர்ச் செலவுக்குக் கணக்குப் போட்ட குடும்பத்துக்குச் சிட்னி வாடகை வேறு கணக்கு. தனியார் கல்வித் துறைக்கு 2009இல் தனிச் சட்டம் வந்தபோது கட்டணப் பாதுகாப்பு, எழுத்து ஒப்பந்தம், ஏழு வேலை நாள்களுக்குள் மனம் மாறினால் விலகும் உரிமை எல்லாம் ஒழுங்காயின. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தனியார் பள்ளிக்கு எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று கட்டாயம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பதிவு எண் வேறு, இந்தச் சான்று வேறு. ஊரிலிருந்து தம்பி, மச்சான் யாராவது இங்கே படிக்க வருவதாகச் சொன்னால் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

மூடும்போது கட்டணத்தைவிட நீண்ட காலம் இழுப்பது ஆவணம். நன்யாங் பல்கலைக்கழகம் 1950களில் சீனச் சமூகம் நன்கொடை திரட்டிக் கட்டியது. ரிக்‌ஷா ஓட்டுநர்கள்கூட ஒருநாள் வருமானத்தைத் தந்தார்கள். 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுத் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. ஜூரோங்கில் இருந்த வளாகத்தில் 1981இல் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் வந்தது. 1991இல் அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. பழைய பட்டதாரிகளின் பட்டியல் அந்தப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது 1996இல். படித்த இடத்தின் பெயரே இல்லாமல் போன பிறகு, ‘நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி?’ என்ற கேள்விக்கு அலுவலகரீதியாக ஒரு முகவரி கிடைக்கப் பதினாறு ஆண்டு. இணைப்பு ஆணை தயாரிக்கும்போதே மதிப்பெண் பட்டியலை யார் வைத்திருப்பார், நகல் கேட்டால் யார் கையெழுத்திடுவார் என்று ஒரு பத்தி எழுதிவிட வேண்டும்.

தமிழுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளி என்று சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. இந்திய இயல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கியது. பல்கலைக்கழகம் இரண்டு பிரிவாகப் பிரிந்த 1959இல் அது கோலாலம்பூருக்குப் போனது. பெரிய துறையானால் இரண்டு ஊரிலும் வைப்பார்கள். சின்னத் துறை ஒரு பக்கம்தான் போகும். இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் யுனிசிம் என்ற பெயரில் இருந்தபோது ஆரம்பித்த படிப்பு அது.

இப்படிப்பட்ட சிறிய படிப்பைக் காப்பாற்றுவது உணர்ச்சியால் மட்டும் முடியாது. வகுப்பில் ஆள் குறைந்தால் நிர்வாகம் முதலில் செய்யக்கூடியது, விருப்பப் பாடங்களை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்துவது. செலவு மிச்சம், வகுப்பும் நிறையும். ஆனால் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் மாணவர் பிரசவத்துக்காகவோ வேலை மாற்றத்துக்காகவோ ஒரு பருவத்தை விட்டால், அந்தப் பாடம் மறுபடி வர இரண்டு ஆண்டு காத்திருக்க நேரும். அவர் பட்டம் தள்ளிப்போகும். ‘உரிய காலத்தில் முடித்தோர்’ விழுக்காடு குறையும். அடுத்த மதிப்பீட்டில் அந்தக் குறைந்த விழுக்காட்டையே காட்டி, ‘தேவை இல்லாத படிப்பு’ என்று யாராவது எழுதுவார்கள். இதற்கு மருந்து, சுழற்சி அட்டவணையை நான்கு ஆண்டுக்கு முன்கூட்டியே வெளியிடுவது. தவறவிட்டவருக்கு ஈடாக எடுக்கக்கூடிய பாடம் எது என்பதை அதே அட்டவணையில் குறிப்பது. விழுக்காட்டைத் தரும்போது முழுநேரத்தாரையும் பகுதிநேரத்தாரையும் வெவ்வேறு வரிசையில் காட்டுவது. மூன்றுக்கும் புதுப் பணம் தேவையில்லை. துறைத் தலைவரும் பதிவாளர் அலுவலகமும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மதியம் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவே.