வால்வு ஆபரேஷனும் அம்மாவின் கல்லீரலும்

அம்மாவுக்கு மைட்ரல் வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று மதுரையில் சொன்னபோது, வீட்டில் எல்லோருக்கும் இதயத்தைப் பற்றித்தான் பயம். கல்லீரலைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் மயக்க மருத்துவர். இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அம்மாவின் வால்வைச் சுருக்கியிருந்தது. வயல் வேலையோடு வேலையாக அதைத் தாங்கிக்கொண்டே இருந்துவிட்டார். பிறகு கால் வீங்கியது, வலது விலாவுக்குக் கீழே கனத்தது, பசி போயிற்று. ரத்தப் பரிசோதனையில், காமாலையைக் காட்டும் பிலிருபின் சற்றுக் கூடியிருந்தது. உசிலம்பட்டியில் சொந்தக்காரர்கள் மஞ்சள் காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தது, ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தது எல்லாம் அலைச்சல்தான், ஆனால் நடந்துவிடுகிற வேலை. ஆபரேஷனுக்கு முந்தைய மயக்கப் பரிசோதனைதான் எனக்குக் கண் திறந்த இடம். அம்மாவைச் சாய்த்துப் படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே மருத்துவர் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். கழுத்து ரத்தக்குழாய் புடைத்து மேலேறியது. கையை எடுக்கும்வரை இறங்கவில்லை.

“பார்த்தீர்களா தம்பி, இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. கல்லீரலில் ரத்தம் தேங்கி நிற்கிறது” என்றார்.

இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மிகக் குறைந்த அழுத்தத்தில் வருகிறது. நாமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்புகிறது. மயக்கத்தில் மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டரோ காற்றை உள்ளே தள்ளுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது, கல்லீரலிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது தடைபடுகிறது. “கண்மாயில் கலுங்கை அடைத்தால் தண்ணீர் வரத்துக்கால் வரை ஏறி நிற்காதா, அதேதான்” என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தத்தைப் ‘பீப்’ என்கிறார்கள். அதை அறவே விட்டுவிடவும் முடியாது. நுரையீரல் சுருங்கி ஆக்சிஜன் குறைந்தால் அதுவும் கல்லீரலைத்தான் தாக்கும். 5 சென்டிமீட்டர் நீரழுத்தம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. 10-ஐத் தாண்டினால் அம்மாவைப் போன்றவர்களுக்குக் கல்லீரல் ரத்த ஓட்டம் குறையக்கூடும். மூச்சை வேகமாகக் கொடுத்துக் கார்பன் டை ஆக்சைடை அதிகமாக இறக்கினாலும் ஓட்டம் குறையும். ஒரு மூச்சின் அளவு கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி. அந்தக் கிலோ தராசு காட்டும் எடையல்ல, உயரத்தைக் கொண்டு கணக்கிடுவது. அம்மாவின் எடையில் வீக்கத்து நீரும் இருந்ததே! மருத்துவர் அவரைச் சுவரோரம் நிற்கவைத்து, டேப் பிடித்துத் தானே அளந்து எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நிமிடமே தைரியம் வந்தது.

கீழாநெல்லி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னோம். உடனே நிறுத்தச் சொன்னார். நாட்டு மருந்து, வலி மாத்திரை, மதுப் பழக்கம், பழைய காமாலை எதுவானாலும் சொல்லிவிடுங்கள். கூச்சப்படுகிற இடம் அதுவல்ல.

ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும் நேரத்தில் நுரையீரலுக்கு ஓய்வு. அப்போது கல்லீரலுக்குப் போகும் ரத்தம் இயந்திரத்தின் ஓட்டத்தைப் பொறுத்தது. இயந்திரத்தை நிறுத்துமுன் சுருங்கிய நுரையீரலைச் சில விநாடி அழுத்தம் கொடுத்து விரிக்கிறார்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்கக்கூடிய கட்டம் அது. உணவுக்குழாய் வழியாக இறக்கிய எக்கோவில் கல்லீரல் சிரையின் ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டதாக மருத்துவர் பிறகு சொன்னார்.

ஐ.சி.யு.வில் என்னை உள்ளே விட்டபோது வென்டிலேட்டர் திரையில் பீப் 5 என்று இருந்தது. செவிலியர் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதினார். உடலுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போதாவிட்டால் ஏறும் லாக்டேட்டைப் பார்க்க ரத்தம் எடுத்தார். மறுநாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டார்கள். பிலிருபின் முதலில் சற்று ஏறியது, பிறகு தானாக இறங்கியது. இப்படி ஏறக்கூடும் என்று முன்பே சொல்லிவைத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை.

அம்மாவுக்கு வைத்தது உலோக வால்வு. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை வேலை செய்யும் இடமும் கல்லீரல்தான். அதனால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்கிறதா என்று தவறாமல் பார்த்துக்கொள்கிறோம்.