மாரிஸ் மைனருக்கு இக்னிஷன் காயில்: பெட்டியை விட ஓம் அளவு முக்கியம்

பழைய காருக்குக் காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்குத் தேவையான உயர் வோல்டேஜாக மாற்றும் பாகம்) தேடுபவர்கள் முதலில் பிராண்டைக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது பிரைமரி, அதாவது இரு சிறு முனைகளுக்கு இடையே உள்ள சுற்று, எத்தனை ஓம் என்பதைத்தான். பிரபலமான பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் வேறு ஏதோ காயில் இருப்பது இன்று சகஜம். மல்டிமீட்டரை அப்படி ஏமாற்ற முடியாது.

1971 வரை தயாரான மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், சிபி பாயின்ட் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடி காயில் கரன்டைத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்), பாலாஸ்ட் (கரன்டைக் குறைக்க வழியில் வைக்கும் ரெசிஸ்டன்ஸ்) இல்லாத நேரடி சப்ளை. இதற்கு 3 முதல் 3.4 ஓம் பிரைமரி உள்ள காயில் வேண்டும். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். பாயின்ட் நீண்ட நாள் தாங்கும் கரன்ட் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உருவத்தில் அச்சு அசலாக அப்படியே இருக்கும், பாலாஸ்டோடு சேர்த்து ஓட்ட வேண்டிய பாலாஸ்ட் காயில் சுமார் 1.5 ஓம். அதை மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கொஞ்ச நாளில் பாயின்ட் கருகும், காயில் தொட முடியாதபடி சுடும், கடைசியில் மூடி ஓரம் எண்ணெய் கசியும்.

“40,000 வோல்ட்” என்று விற்கும் 0.7 ஓம் காயில்கள் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கானவை. பாயின்ட் வண்டிக்கு அவை வேண்டவே வேண்டாம். 0.025 அங்குலப் பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்டேஜ் வரை ஏறியதும் ஸ்பார்க் பாய்ந்துவிடும். மீதி வோல்டேஜ் லேபிளில் மட்டும்தான்.

கடைக்குப் போகும் முன் கண்டன்சரை (பாயின்டோடு இணைந்திருக்கும் சிறு கபாசிட்டர்) பாருங்கள். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டிக்குக் காயிலைக் குற்றம் சொல்வார்கள். கெட்ட கண்டன்சரும் இதையேதான் செய்யும். விலையும் மிகக் குறைவு. அதை மாற்றி, பாயின்ட் இடைவெளியை 0.014–0.016 அங்குலத்துக்கு வைத்து ஓட்டிப் பார்த்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் காயிலுக்கு வரலாம்.

யாரோ எப்போதோ ஒயரிங்கை மாற்றியிருக்கலாம் என்பதால் பாலாஸ்ட் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் போட்டு, காயிலுக்கு வரும் சப்ளை முனைக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 12-ஐ ஒட்டி வந்தால் பாலாஸ்ட் இல்லை. 6 முதல் 8 வந்தால் வழியில் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. பாயின்ட் திறந்திருந்தால் கரன்ட் ஓடாது, பாலாஸ்ட் இருந்தாலும் 12 தான் காட்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

கடையிலேயே அளக்கத் தயங்காதீர்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை (0.3 ஓம் வரை காட்டும்) கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சிறிய அளவில் அதுவே முடிவை மாற்றிவிடும். நடுக் கோபுரத்திலிருந்து ஏதாவது ஒரு சிறு முனைக்கு அளந்தால் செகண்டரி, அதாவது உயர் வோல்டேஜ் சுற்று, தெரியும். 5,000 முதல் 11,000 ஓம் வரை சரி. எண்ணெய்க் காயில் என்று சொன்னால் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் அசைவது கேட்க வேண்டும். விளிம்பில் ஈரம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கசிவில்லாத, அளவு சரியான பழைய ஸ்டாக் லூகாஸ் காயில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பழைய ஸ்டாக் கண்டன்சருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது போலாரிட்டி. மைனர் கம்பெனியிலிருந்து வந்தது பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் + முனை பாடியோடு இணைந்தபடி. + − குறியிட்ட புதுக் காயிலில், சாவியிலிருந்து வரும் வெள்ளை ஒயர் − முனைக்கும், டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு ஒயர் + முனைக்கும் போக வேண்டும். ஆல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த்தாக்கிய வண்டியில் இது தலைகீழ். SW (சாவிப் பக்கம்), CB (பாயின்ட் பக்கம்) என்று குறியிட்ட பழைய காயிலை அப்படி மாற்றிய வண்டியில் வைத்திருந்தால் அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். தப்பாக மாட்டினாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கில் ஸ்பார்க் பாயக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், மேட்டில் மிஸ்ஃபயர் வரும்.

நடுக் கோபுரத்திலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் தடித்த ஒயர் திருகி மாட்டும் வகையா, அழுத்திச் செருகும் வகையா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். திருகும் வகைக்குச் செம்புக் கம்பி ஒயர்தான் சேரும், கார்பன் ஒயர் தொடர்பு பிடிக்காது. கிளாம்பை இறுக்கும்போது தகர உடல் நசுங்கக் கூடாது.

புதுக் காயில் சீக்கிரம் சாவதற்கு இன்னொரு காரணம், எஞ்சின் ஓடாமல் சாவி போட்டபடி வண்டி நிற்பது. பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் 48 வாட் சூடு முழுவதும் காயிலுக்குள் இறங்கும். ரேடியோ கேட்க வேண்டுமானால் அதற்குத் தனி ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக இழுத்துக்கொள்ளுங்கள்.