கல்லறைத் தோட்டத்து இரட்டைச் சிற்றாலயம்: அட்டை மாதிரியில் இதுவரை

இரண்டு மாதங்களாக மாலை வேளைகளில் ஓர் அட்டை மாதிரியைச் செய்துவருகிறேன். 1850களில் தொடங்கி இங்கிலாந்தின் சிறுநகரக் கல்லறைத் தோட்டங்களில் அடக்க ஆராதனைக்காக எழுந்த இரட்டைச் சிற்றாலயங்களே அதற்கு மூலம். குறிப்பிட்ட ஓர் ஊரின் கட்டடத்தை நான் படியெடுக்கவில்லை. அந்த வகைக்குப் பொதுவான அமைப்பை 1:50 அளவில் வரைந்துகொண்டேன்: நடுவில் சவ வண்டி நுழைவதற்கான கூர்வளைவு, வளைவின் மேல் மணிக்கூண்டும் எண்கோணக் கூர்கோபுரமும், இருபுறமும் ஒன்றன் கண்ணாடி பிம்பமாக மற்றொன்று நிற்கும் இரண்டு சிறு கூடங்கள்.

ஒரே தோட்டத்தில் இரண்டு ஆலயங்கள் எதற்கு என்ற கேள்விதான் என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது. தொழில் நகரங்கள் பெருகிய காலத்தில் ஆலய முற்றங்களில் அடக்கம் செய்ய இடம் போதவில்லை. 1832இலும் 1848-49இலும் வந்த காலரா நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1852இல் லண்டனுக்கென இயற்றப்பட்ட அடக்கச் சட்டம் மறு ஆண்டே இங்கிலாந்தின் மற்ற ஊர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி ஊர்தோறும் அமைந்த அடக்க வாரியங்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தன. அதில் ஒரு பகுதியை அரசின் சபையான இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் பிரதிஷ்டை செய்வார்; மறு பகுதி பிரதிஷ்டை இல்லாமல் பாப்டிஸ்டுகள், மெதடிஸ்டுகள் போன்ற பிற சபையாருக்கு விடப்படும். 1851ஆம் ஆண்டு வழிபாட்டுக் கணக்கெடுப்பில், அன்று ஆராதனைக்குச் சென்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசின் திருச்சபையைச் சேராத ஆலயங்களில்தான் இருந்தார்கள் என்பது தெரியவந்தது. தோட்டத்துக்கான செலவோ ஊரில் வரி கட்டும் எல்லோர் தலையிலும் விழுந்தது. பாதி ஊரின் பணத்தை வாங்கிக்கொண்டு மறு பாதிக்கு மட்டும் கூரை போட முடியாது அல்லவா!

இதற்கு முந்தைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் மாற்றம் இன்னும் தெளிவாகும். 1833இல் திறக்கப்பட்ட லண்டன் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் முயற்சி. அங்கும் இரு தரப்பாருக்கும் தனித்தனிச் சிற்றாலயங்கள் உண்டு. ஆனால் திருச்சபையின் ஆலயம் டோரிக் என்னும் கனத்த கிரேக்கத் தூண்களோடு பெரியதாக நிற்க, மற்றது சுருள் தலைத் தூண்கள் கொண்ட அயோனிக் என்னும் கிரேக்கப் பாணியில், சிறியதாக, தொலைவில் ஒதுங்கி நிற்கும். இருபது ஆண்டுகளில் கிரேக்கத் தூண்கள் போய்க் கோதிக் வளைவுகள் வந்தன. பெரியதும் சிறியதுமாக இருந்தவை ஒரே வளைவின் இருபுறமும் இரட்டையராக வந்து நின்றன.

இனி வேலைக்கு வருகிறேன். 2 மி.மீ. தடிமனுள்ள சாம்பல் நிற அட்டையே சுவர். ஒவ்வொரு கூடமும் 180 மி.மீ. நீளம், 110 மி.மீ. அகலம், அசல் அளவில் 9 மீட்டருக்கு 5.5 மீட்டர். கூடத்துக்குள் நுழையும் கதவு, வளைவுப் பாதையை ஒட்டிய நீளச் சுவரில், முன்கோடிக்கு அருகில் இருக்க வேண்டும். மழையில் வண்டி வந்தாலும் வளைவின் அடியிலேயே பெட்டியை இறக்கி நனையாமல் உள்ளே கொண்டுபோகலாம் என்பதே இந்த அமைப்பின் சௌகரியம். இங்கேதான் நான் சறுக்கினேன். கல் வரிசை அச்சிட்ட தாளை அட்டையின் ஒரு பக்கத்தில் முதலிலேயே ஒட்டிவிட்டு, ஒரே வார்ப்புருவை வைத்து இரண்டு சுவர்களையும் வெட்டினேன். இடக் கூடத்தில் சுவர் கச்சிதமாக உட்கார்ந்தது. வலக் கூடத்தில் கதவு பின்கோடிக்குப் போய்விட்டது. அட்டையைத் திருப்பி வைத்தால் கதவு சரியான இடத்துக்கு வருகிறது, ஆனால் கல் வரிசை கூடத்தின் உட்புறத்துக்குப் போய்விடுகிறது. இரட்டை என்றால் பிரதி என்று கை நினைத்துவிட்டது, வேண்டியிருந்தது பிம்பம். இப்போது தாள் ஒட்டாத இரண்டு அட்டைகளைக் குண்டூசியால் இணைத்துச் சேர்த்தே வெட்டுகிறேன். கல் தாளை வெட்டி முடித்த பிறகே அததன் வெளிப்புறத்தில் ஒட்டுகிறேன்.

வளைவு மட்டும் மூன்று வாரங்களை விழுங்கியது. திறப்பு 60 மி.மீ. அகலம். கவராயத்தின் முள்ளை ஒரு காலின் உச்சியில் ஊன்றி, 60 மி.மீ. ஆரத்தில் எதிர்க்காலிலிருந்து வில்லை இழுத்து, அதையே மறுபுறமும் செய்தால், இரு விற்களும் 52 மி.மீ. உயரத்தில் சந்திக்கும். சமபக்கக் கூர்வளைவு என்பது இதுதான். ஆரத்தைத் திறப்பின் அகலத்தைவிடக் கூட்டினால் அதே வளைவு ஒடுங்கி ஈட்டி முனையாகிறது. கூடங்களின் ஒடுக்கமான சாளரங்களுக்கு அதையே வைத்திருக்கிறேன். கோடு போடுவது எளிது. வளைவின் அடிப்பரப்பை மூடும் தாளை, ஒரு வில்லுக்கு 63 மி.மீ. நீளமாக, பாதையின் ஆழத்துக்கு ஈடாக 80 மி.மீ. அகலத்தில் வெட்டி வளைக்க வேண்டியிருந்தது. முதல் தாள் வளையாமல் மூன்று இடங்களில் முறிந்து, வில் பலகோணமாகிவிட்டது. தாளின் நார் ஓடும் திசையைப் பார்க்காமல் வெட்டியதே காரணம். நார் 80 மி.மீ. பக்கத்தை ஒட்டி ஓடும்படி வெட்டி, விரல் பருமனுள்ள ஒரு குழாயின் மேல் மெல்ல உருட்டியபோது, இரண்டாவது தாள் சொன்ன பேச்சைக் கேட்டது. இரு விற்களும் கூடும் உச்சியில் தலைமுடி அளவு இடைவெளி தெரிகிறது. அதை ஒரு மெல்லிய கல்வரியாக மறைத்துவிட எண்ணம்.

கூரையில் பெரிய சிக்கல் இல்லை. சாய்வு 55 பாகை. சரிவின் நீளம் 96 மி.மீ., இறவாரத்துக்கு 4 சேர்த்து 100. ஸ்லேட் ஓடுகளைத் தனித்தனியாக ஒட்டும் பொறுமை எனக்கு இல்லை என்பதால் கீற்றுகளாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படும்படி ஒட்டினேன். கூர்கோபுரம் அப்படி எளிதில் மசியவில்லை. 70 மி.மீ. சதுரத்தின் மேல் எண்கோணம் உட்கார வேண்டும். எண்கோணத்தின் ஒரு பக்கம் 29 மி.மீ. கோபுரத்தின் உயரம் 220 என்றாலும் ஒவ்வொரு முக்கோணத்தையும் சாய்வு நீளமான 223 மி.மீ. அளவில்தான் வெட்ட வேண்டும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் எஞ்சும் இடத்தை மூடச் சரிந்த சிறு துண்டுகள் நான்கு வேண்டும். அவற்றைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, தாளை நேரில் பொருத்தி மடித்துப் பார்த்தே அளவெடுத்தேன்.

எந்தப் பக்கம் யாருடையது என்பதை மாதிரியில் காட்டுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். உண்மையான கட்டடங்கள் சிலவற்றில் திருச்சபையின் கூடத்துச் சாளரத்தில் கற்பின்னல், அதாவது கல்லால் ஆன அலங்காரச் சட்டகம், சற்றே செறிவாக இருக்கும். எதிர்ப்பக்கம் எளிமையாக விடப்பட்டிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் சமம், அருகே போனால் ஒரு பூவிதழ் கூடுதல். எனக்கு இந்தச் சிறு சூழ்ச்சி பிடித்திருக்கிறது. ஆகவே இடக் கூடத்தின் முகப்புச் சாளரத்தில் நான்கிதழ்ப் பின்னல் ஒன்றை வெட்டியிருக்கிறேன். வலப்பக்கத்தில் வெறும் வட்டம். 8 மி.மீ. வட்டத்துக்குள் நான்கு இதழ்களைக் கத்தி நுனியால் எடுப்பதற்குள் ஐந்து தாள்கள் வீணாயின.

உட்புறம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இருபுறமும் சில இருக்கைகள், நடுவில் பெட்டியை வைக்கும் தாங்கி, வாசிப்பவருக்கு ஒரு சாய்மேசை. இவற்றுக்கு மேல் எதுவும் வைக்கப்போவதில்லை. 1902இல் தகனச் சட்டம் வந்து, 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனில் தகனங்கள் அடக்கங்களை மிஞ்சிய பிறகு, இத்தகைய கூடங்கள் பலவற்றில் புல்வெட்டும் கருவிகளும் மண்வெட்டிகளும் குடியேறின. வலக் கூடத்தை அப்படிக் காட்டலாமா என்று ஒரு சபலம் எழுந்தது; கட்டிய காலத்து நிலையிலேயே இரண்டையும் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். மணிக்கூண்டில் தொங்கவிட ஒற்றை மணிதான் வேண்டும். அதைக் களிமண்ணில் உருட்டிக் காயவைத்திருக்கிறேன். காய்ந்ததும் கோபுரத்தை ஒட்டி மூடலாம்.