நால்வருக்கும் பூச்சியம்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. முதன்முதலில் அந்தப் பெயரைப் படித்தபோது தெருவிலேயே நின்றுவிட்டேன். 1789-இல் நம் எழும்பூரில் ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பிறந்த ஊர் அது. மணலில் எழுத்துப் பழகும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்து, தெரிந்த பிள்ளையைக் கொண்டு தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘மெட்ராஸ் முறை’யை அவர் வகுத்தார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-இல் எழுந்தது அந்தப் பள்ளி.

உடனே கணக்கு சாரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. சென்னையில் அப்போது இரவு பதினொரு மணி. நாளைக்குப் பேசலாம் என்று விட்டேன். பேசவே இல்லை. சென்ற மாதம் நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் அனுப்பிய செய்தியில்தான் அவர் மறைவை அறிந்தேன்.

சார் சட்டாம்பிள்ளை வைத்தவர் அல்லர். நான்கு நான்கு பேராக உட்கார வைப்பார். யாரும் யாருக்கும் தலைவன் இல்லை. நால்வரில் எவனை வேண்டுமானாலும் கரும்பலகைக்கு அழைப்பார். அவன் வாங்கும் மதிப்பெண்தான் நால்வருக்கும். 1986-இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சாக்பீஸ் நீளும் கணம் மறந்திருக்காது.

அன்று பிதாகரஸ் தேற்றம். எங்கள் குழுவில் தையல்காரர் மகனை அழைத்தார். அவன் முக்கோணத்தை வரைந்துவிட்டு நின்றான். சார் என்னிடம் திரும்பினார்.

“இவனுக்கு இது தெரியாது என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும், சார்.”

“நால்வருக்கும் பூச்சியம்.”

அதட்டவில்லை, குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். முதல் மாணவன் என்ற பெயரோடு இருந்த நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். அங்கே வந்து, “என்னால்தானே உனக்கு மார்க் போயிற்று” என்று மன்னிப்புக் கேட்டவன் அவன். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

மறுநாள் மாலை அவனுக்கு நிரூபணத்தைச் சொல்லத் தொடங்கினேன். செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து வரைய வேண்டும் என்றேன். “ஏன் அங்கிருந்து?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, நான் மனப்பாடம் செய்திருந்தேன். அவன் அப்பாவின் கத்தரிக்கோலால் செய்தித்தாளில் ஒரே அளவில் இரண்டு முக்கோணங்கள் வெட்டினான். ஒன்றை அந்தக் கோட்டில் நறுக்கி, இரு துண்டுகளையும் திருப்பிப்போட்டு மற்றதன் இரு மூலைகளில் பொருத்தினான். கோணங்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. மூன்றும் ஒரே வடிவம், அளவுதான் வேறு! வடிவொத்த முக்கோணம் என்றால் என்னவென்று நான் புரிந்துகொண்டது அந்தத் தையற்கடைத் தரையில்தான்.

அடுத்த வாரம் சார் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். அவன் செய்தபடியே காகிதத்தை வெட்டிக் காட்டினேன். சார் என்னைப் பாராட்டவில்லை. அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பத்தாம் வகுப்போடு அவன் கடையில் உட்கார்ந்தான். நான் கல்லூரிக்குப் போனேன், பிறகு கடல் தாண்டினேன். புறப்படும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். அவன் எங்கிருக்கிறான் என்று தெரிந்தவர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவியுங்கள். ஜனவரியில் சென்னை வருகிறேன். சார் வீட்டுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.