தங்கச்சியின் ஸ்கான் நாட்கள்

மே 6, கல்லடி

தங்கச்சி பிள்ளைத்தாச்சி, 21 கிழமை. நேற்று ஒரு தனியார் இடத்தில் எடுத்த ஸ்கான் தாளில், பிள்ளையின் மூளைக்குள் இருக்கும் நீரறையின் அகலம் 13 மி.மீ. என்று இருக்கிறது. எடுத்தவர் "தலையில தண்ணி கூட" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறாள். கட்டாரில் இருக்கும் புருஷனுக்கு இன்னும் சொல்லவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். ஒரு அளவைக் கண்டால் எல்லை எது என்றுதான் முதலில் பார்ப்பேன். 10க்குக் குறைந்தால் வழமை, 15ஐத் தாண்டினால் கடுமை. இது நடுவில் நிற்கிறது.

மே 9

போதனா வைத்தியசாலை. பிள்ளை தலைகீழாக இருந்ததால் டொக்டர் யோனி வழியாகவும் ஸ்கான் பார்த்தார். வயிற்றின் மேலால் பார்த்தால், கருவிக்குக் கிட்ட இருக்கிற பக்கத்து மூளை மண்டையோட்டின் எதிரொலியில் மங்கிவிடும்.

முன்பக்கம் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி தெரிய வேண்டும். கருவியைத் திருப்பித் திருப்பித் தேடினார், இல்லை. பின்பக்க நீரறை கண்ணீர்த்துளி வடிவில் வீங்கியிருந்தது. இரண்டு பக்க மூளையையும் இணைக்கிற நரம்புக் கட்டான கோர்பஸ் கலோசம் உருவாகவில்லை போலும், எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ், டொக்சோபிளாஸ்மா தொற்றுகளுக்கு இரத்தச் சோதனையும் எழுதினார்.

"கண்டபடி ஸ்கான் எடுத்ததாலதான் இப்படி" என்றார் அவளுடைய மாமியார். ஸ்கான் வெறும் ஒலி, எம்.ஆர்.ஐ. காந்தம், இரண்டிலும் எக்ஸ்ரே இல்லை என்றேன். கேட்ட மாதிரித் தெரியவில்லை.

மே 14

மருத்துவமாது வந்தார். "போலிக் அசிட் ஒரு நாளும் விடாமப் போட்டேனே மிஸ்" என்றாள் தங்கச்சி. கருத்தரித்து 28 நாளுக்குள் மூட வேண்டிய, மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உருவாகிற நரம்புக் குழாய்க்குத்தான் அந்தக் குளிசை, இது வேற விஷயம், பிள்ளை, உன்னில பிழை இல்லை என்றார்.

பக்கத்து வீட்டக்கா மெதுவாக, "கலைக்க ஏலாதா?" என்று கேட்டா. ஏலாது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு: தாயின் உயிரைக் காக்க மட்டும். இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, பிள்ளை பிறந்த பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு நமக்கு இந்தப் படமெல்லாம் ஆயத்தப்படத்தான்.

ஜூன் 20, கொழும்பு

27 கிழமை. இன்று எம்.ஆர்.ஐ. மூளையின் மடிப்புகள் பிந்தித்தான் தெளியும், அதனால்தான் இவ்வளவு காத்திருப்பு. மயக்க மருந்து இல்லை, சாய ஊசி இல்லை. பிள்ளை அசையும் என்பதால் படங்களைப் பட்பட்டென்று எடுக்கிறார்கள். அவள் காதை அடைத்துக்கொண்டு சரிந்து படுத்திருந்தாள்.

பிரித்தானியாவின் மெரிடியன் ஆய்வில், 570 கருக்களில், ஸ்கான் மட்டும் 68 சதவீதம் சரி, எம்.ஆர்.ஐ. 93. இந்தப் பயணத்துக்கு எனக்கு அது போதும்.

ஜூன் 24

கலோசம் முழுதாகவே இல்லை. மடிப்புகள், சிறுமூளை, மூளைத்தண்டு சரி. தொற்றும் இல்லை. வேறு குறை சேராமல் இது மட்டும் இருந்தால் கூடுதலான பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள், சிலருக்கு வலிப்பு வரும், சிலர் படிப்பில் பிந்துவார்கள், நம்முடையது எந்தப் பக்கம் என்று படத்தில் தெரியாது என்றார் டொக்டர்.

"பால் குடிக்குமா டொக்டர்?"

"பெரும்பாலும் குடிக்கும்."

32 கிழமையில் தலைச்சுற்றளவைத் திரும்ப அளக்க வேண்டும். பிறந்ததும் உச்சிக்குழி வழியாக ஒரு ஸ்கான். புருஷனுக்கு இரவு எல்லாம் சொல்லிவிட்டாள். செப்டெம்பரில் லீவு கேட்கிறாராம். ஆகஸ்ட் கடைசியிலேயே வரச் சொல்லு என்றேன்.