வெட்டினதும் கட்டினதும்

யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகப் போய், வீடுகளில் கிடக்கும் பழைய காணி உறுதி (நிலப் பத்திரம்), கடிதம், படங்களை ஸ்கேன் பண்ணி, அங்குள்ள முதியவர்களின் பேச்சையும் பதிவு செய்யும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே கொள்கைதான்: கடதாசி சொன்னால் சரி, ஆள் சொன்னால் சந்தேகம்.

வலிகாமத்தில் ஒரு ஆச்சி, தங்கள் வளவுக் கிணறு புயலுக்குப் பிறகு கட்டினது என்றார். புயல் என்றால் 1964 டிசம்பர்ப் புயல், தனுஷ்கோடியை அழித்ததும் அதுதான். ஆனால் அவரே எடுத்துத் தந்த 1958ஆம் ஆண்டு உறுதியில் கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் உண்டு என்று, உறுதி எழுதும் நொத்தாரிசு எழுதியிருந்தார். சரி, வயதுபோன ஆள், 'நினைவுப் பிழை' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஆச்சி பாவிச்ச சொல் என்ன?" பதிவைத் திரும்பப் போட்டேன். "கட்டினது." மறுபடி போனபோது ஆச்சி சிரித்தார்.

"தம்பி, வெட்டினது எங்கட பாட்டன். புயலுக்கு மேல்பக்கம் இடிஞ்சு விழுந்திட்டுது, பிறகுதான் கல்லாலை கட்டினது."

உறுதியும் பிழையில்லை, ஆச்சியும் பிழையில்லை, பிழை என்னுடைய குறிப்பில்தான். உறுதிக்குப் பங்குதான் கவலை, கிணற்றின் கதை அதற்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு எந்தக் கடதாசியைப் பார்த்தாலும் இது யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்றுதான் முதலில் பார்ப்பேன். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையே ஒல்லாந்த (டச்சு) அதிகாரி ஒருவர் கேட்டதற்காக மயில்வாகனப் புலவர் எழுதியதுதானே, அதை மறந்து வாசித்தால் எப்படி?

இன்னொன்றும் உறுத்தியது. யாழ்ப்பாண நூலகத்தில் இருந்தவை 1981இல் எரிந்தன, ஏறத்தாழ 97,000 நூல்கள். வீடுகளில் இருந்தவற்றிலோ எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உறுதிதான். நூறு வருடம் கழித்து யாராவது இதை மட்டும் பார்த்தால், இந்தச் சனத்துக்குக் காணியைத் தவிர வேறு நினைப்பே இருக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆச்சியிடம் கடிதங்கள் இல்லையா என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி நிறைய இருந்தது. தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை நல்ல மழை. உறுதிப் பையை நெஞ்சோட கட்டினன். கடிதப் பெட்டியை ஆர் தூக்கிறது?"