திருவந்திபுரத்தில் ஒரு மொட்டை வேண்டுதல்

மகனுக்கு முதல் மொட்டை திருப்பதியில் என்று நேர்ந்துகொண்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது. என் மாமியாருக்கு முட்டிவலி. திருப்பதி வரிசையில் அவரால் நிற்க முடியாது. அவரை விட்டுவிட்டுப் போகவும் எங்களுக்கு மனசில்லை. கடைசியில் அத்தையே வழி சொன்னார்: "திருப்பதிக்கு நேர்ந்ததைத் திருவந்திபுரத்துல செலுத்தலாம்மா. எங்க அம்மா காலத்துலேருந்து அப்படித்தான்." புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் வழக்கம்தான் இது.

கடலூரிலிருந்து பாலூர் வழியாகப் பண்ருட்டி போகிற சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் திருவந்திபுரம். திருவஹீந்திரபுரம் என்பது பழைய பெயர். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில், நடுநாடு என்கிற இந்தப் பகுதிக்கு உள்ளவை இரண்டே இரண்டு. திருக்கோவலூர் ஒன்று, இது மற்றொன்று. பெருமாள் தேவநாத சுவாமி, தாயார் செங்கமலவல்லி. கோயிலுக்கு எதிரே கெடிலம் ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது.

குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் கல்யாணத்துக்குப் பேர்போனது. இரண்டு வருஷத்துக்கு முன் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதையும் பார்க்காமல் கிளம்பிப் போனோம். சாலை முழுக்க வேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. அந்தக் கூட்டத்தில் ஆறு வயது மகள் பத்து நிமிஷம் காணாமல் போனாள். யாரோ ஒரு கல்யாண வீட்டுப் பிள்ளைகளோடு பலூன் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் இரண்டு பிள்ளைகளின் கையிலும் பேனாவால் செல்போன் எண்ணை எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள். புரட்டாசி சனிக்கிழமைகளிலும் கூட்டம் அப்படித்தான் இருக்கும். வயதானவர்கள் கூட வந்தால் வாரநாள்தான் சரி.

இந்தத் தடவை ஒரு புதன்கிழமை, விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். தாய்மாமன் மடி வேண்டுமே, என் தம்பி நெய்வேலியிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டான். மொட்டையை முதலில் முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பிள்ளைக்கும் பொறுக்காது, நமக்கும் பொறுக்காது. அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021லேயே அறிவித்துவிட்டார்கள். புது பிளேடு போடுகிறாரா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். சந்தனம், துண்டு, மாற்றுத் துணி இரண்டு செட் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். என் மகன் முதல் இழுப்புக்கு வீறிட்டான். தம்பி அவன் காதோரம் ரயில் மாதிரி கூவிக்கொண்டே இருந்தான். பாதித் தலைக்கு மேல் பையன் அழுகையை விட்டுவிட்டுத் தானும் கூவ ஆரம்பித்தான். சந்தனம் பூசியதும் அத்தை அந்த மண்டையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சந்நிதியில் அவசரப்படாதீர்கள். இந்தப் பெருமாளுக்கு மூவராகிய ஒருவன் என்று ஒரு திருநாமம் உண்டு. கையில் பிரம்மாவுக்குரிய தாமரை, நெற்றியில் சிவனுக்குரிய கண், கூடவே சங்கு சக்கரம் என்று சொல்வார்கள். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்களாகவே தேடிப் பார்ப்பார்கள்.

தரிசனம் முடிந்ததும் சேஷ தீர்த்தம். ஆதிசேஷன் உண்டாக்கிய கிணறு என்பது ஐதீகம். உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்வார்கள். அத்தை வீட்டிலேயே செய்தித்தாளில் ஒரு சின்னப் பொட்டலம் கட்டி வந்திருந்தார். அதைப் பிரித்து, கல் உப்பில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, கையை நீட்டினார். விரல்களைச் சட்டென்று விரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போட்டார். உதடு மட்டும் அசைந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார், அங்கே போடவில்லை.

எதிரே ஔஷதகிரி. 74 படி ஏறினால் குதிரை முகப் பெருமாளான ஹயக்ரீவர் சந்நிதி. சின்ன மலைதான், ஆனால் முட்டிவலி உள்ளவர்களை வற்புறுத்த வேண்டாம். அத்தையும் மகனும் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள், தம்பி துணைக்கு. ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிட்டால் கால் சுடாது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் இந்த மலையில்தான் கருட மந்திரத்தை ஜபித்து, ஹயக்ரீவரின் அருளைப் பெற்றார் என்கிறார்கள். படிப்புக்கு உரிய தெய்வம் என்பதால் பரீட்சை சமயத்தில் மாணவர்கள் பேனாவும் நோட்டுமாக வருவார்கள். என் மகள் தன் பென்சில் டப்பாவையே தூக்கி வந்திருந்தாள். அர்ச்சகர் அதை வாங்கி சுவாமி பாதத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து யாரையும் தொடவிடவில்லை.

இறங்கியதும் தேசிகர் திருமாளிகையையும் பாருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். சகல கலையும் அறிந்தவர் என்றால் ஒரு கிணறு கட்டிக் காட்டட்டும் என்று ஒரு கொத்தனார் கேட்க, கோணல் மாணலான செங்கல்லை வைத்தே தேசிகர் கட்டிய கிணறு அங்கே இருக்கிறது. ஸ்தோத்திரம் எழுதிய கையால் செங்கல்லும் அடுக்கினாரே என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

மதியம் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம் நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. மஞ்சக்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டில் அத்தை ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தார். நடுவில் இப்படி ஓர் ஓய்வு இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு சாயங்காலக் கோயில் தண்டனையாகிவிடும்.

அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகிக் கரைசேர்ந்தது இந்த ஊரில். கரையேறவிட்டகுப்பம் என்று அந்த இடத்துக்கு இன்னும் பெயர் இருக்கிறது. பெரியநாயகி சந்நிதிக்குப் போகிற வழியில் அத்தை இந்தக் கதையை மகளுக்குச் சொன்னார். "கல்லு எப்படிப் பாட்டி மிதக்கும்?" என்றாள். அத்தை நடப்பதை நிறுத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார். ஏழு மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினோம்.